சமைக்கப் பிடிக்காதவர் நன்றாகச் சாப்பிட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சமைக்கத் தெரியும், செய்யத்தான் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்று, பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, பிறகு பாத்திரம் துலக்குவது வீண் உழைப்பாகத் தோன்றுகிறது. தனியாக இருப்பதால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. இரவு பசி எடுத்ததும் கைக்கு அகப்படுவது பிஸ்கட்டோ, வெளியிலிருந்து வரவழைத்த பொட்டலமோதான். யாரிடம் யோசனை கேட்டாலும் "பதினைந்தே நிமிடத்தில் செய்துவிடலாம்" என்று ஒரு சமையல் குறிப்பை நீட்டுகிறார்கள். நீங்கள் கேட்டது குறிப்பு அல்ல. சமையலை விரும்பக் கற்றுக்கொள்ளாமலேயே உடம்புக்கு நல்லதைச் சாப்பிட்டுக் காலம் தள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அது என்ன விலை என்பதைப் பின்னால் சொல்கிறேன். பல ஆண்டுகளாக மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் முன்னால் வந்து உட்காருபவர்களில் உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். "சமைக்கப் பிடிக்காது" என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போலத் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். துணி துவைக்கப் பிடிக்காது என்பதை அப்படி யாரும் சொல்வதில்லை. கீழே எழுதியிருப்பது பெரிய நோய் எதுவும் இல்லாத, வயது வந்த ஒருவருக்கானது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, உணவு ஒவ்வாமை, கர்ப்பம் போன்றவை இருந்தால் அளவுகளும் சில சமயம் உணவுகளுமே மாறும். அப்போது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் செல்லும்.

வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால்தான் ஆரோக்கியம் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2017இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் பல ஆயிரம் பேரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் அதிக வேளை வீட்டுச் சாப்பாடு சாப்பிடுபவர்கள் காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டது தெரியவந்தது. அமெரிக்காவிலும் இதே போக்கைக் காட்டிய கணக்கெடுப்பு உண்டு. ஆனால் இவை எல்லாம் ஒரு காலகட்டத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தவை; எது எதற்குக் காரணம் என்பதை நிரூபிப்பவை அல்ல. வீட்டில் சமைக்கிறவருக்கு நேரம் இருக்கிறது, பெரும்பாலும் நிலையான வேலையும் குடும்பமும் இருக்கின்றன, உடம்பில் தெம்பும் இருக்கிறது. நன்மை சமையலால் வந்ததா, அந்த வாழ்க்கையால் வந்ததா என்று இவற்றைப் பிரித்துக் காட்ட இத்தகைய ஆய்வால் முடியாது.

இதைவிட வலுவான ஆய்வு ஒன்று 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்து வெளிவந்தது. கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய தொழிற்சாலை உணவுகளையும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவுகளையும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு முறையும் ஏறத்தாழச் சமம். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவுக்குக் குறைந்தது. உங்கள் கேள்விக்கு இதில் முக்கியமான செய்தி, அந்த 20 பேரில் ஒருவர்கூடக் கரண்டியைத் தொடவில்லை என்பதுதான். யார் சமைத்தார்கள் என்பது மாறவில்லை, தட்டில் என்ன இருந்தது என்பது மட்டுமே மாறியது. ஆய்வு சிறியது, காலமும் குறைவு, மூடிய சூழல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிகமாகச் சாப்பிட்டதற்குக் காரணம் வேகமாக விழுங்க முடிவதா, ஒவ்வொரு கவளத்திலும் அடங்கியிருக்கும் கலோரியா, வேறு எதுவுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதைப் படித்துவிட்டு 'பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம்' என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். சமைக்கப் பிடிக்காதவர் அப்படிப் போனால் பட்டினிதான் கிடக்க வேண்டும். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ முன்வைத்த 'நோவா' என்ற வகைப்பாடு, எவ்வளவு பதப்படுத்தியது என்பதை வைத்து உணவை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது. உறையவைத்த பட்டாணியும், சர்க்கரை சேர்க்காத தயிரும், பாக்கெட் பாலும் அதில் முதல் பிரிவிலேயே வருகின்றன. உப்புநீரில் போட்டு டின்னில் அடைத்த கொண்டைக்கடலை மூன்றாவது. நான்காவதில்தான் குளிர்பானம், சிப்ஸ், பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி போன்றவை. கடையில் விற்கும் ரொட்டிகளில் பலவும் அந்த நான்காவது பிரிவில்தான் விழும். ஆனால் அண்மைக்கால ஆய்வுகள் சிலவற்றில், முழுத்தானிய ரொட்டிக்கு இனிப்புப் பானங்களுக்கும் பதப்படுத்திய இறைச்சிக்கும் தெரிந்த அளவு கெடுதல் தெரியவில்லை. ஆகவே அந்த வகைப்பாட்டை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. நான் சொல்லும் எளிய விதி இதுதான்: பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள், அதிலிருக்கும் பொருள்களை உங்களால் அடையாளம் காண முடிகிறதா, சர்க்கரையும் உப்பும் பட்டியலின் கடைசியில் இருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.

இனி, உடம்பு உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம், நார்ச்சத்து குறைந்தது 25 கிராம், உப்பு 5 கிராமுக்குள். சேர்க்கிற சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அறுபது கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். முதியவர்களுக்கும் கடும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் இது கூடும். இந்த எண்கள் எதிலும் 'வதக்கு', 'தாளி', 'கிளறு' என்ற சொல் இல்லை. இரண்டு வேகவைத்த முட்டையில் 12 கிராம் புரதம், ஒரு பெரிய குவளைப் பாலில் 8, ஒரு கிண்ணம் தயிரில் 7, ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில் 14, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கூட்டினால் 48 ஆகிறது. ரொட்டியோ சோறோ ஓட்ஸோ கொண்டுவரும் புரதத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரண்டு பழம், ஒரு கேரட், ஒரு தக்காளி, ஒரு கிண்ணம் உறையவைத்த காய்கறி என்றால் 400 கிராமைத் தாண்டிவிடும். இந்தப் பட்டியலில் நெருப்பு தேவைப்படுவது முட்டைக்கும் கடலைக்கும் உறைந்த காய்கறிக்கும் மட்டுமே. கடலை டின்னில் வந்தால் அதற்கும் தேவையில்லை.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் நடப்பதில்லை? என் அனுபவத்தில், "சமைக்கப் பிடிக்காது" என்பவரிடம் கொஞ்சம் கிளறிக் கேட்டால், அவருக்குப் பிடிக்காதது சமையலின் ஏதோ ஒன்றிரண்டு பகுதிகள்தான். அலுவலகம் முடிந்து வந்து 'இன்றைக்கு என்ன' என்று யோசிப்பதே சிலருக்கு மலை. சிலருக்கு நறுக்குவது. சிலருக்கு அடுப்பை விட்டு நகர முடியாமல் நிற்பது. பாத்திரம் துலக்குவதை நினைத்தே பசியை அடக்குபவர்களை எனக்குத் தெரியும். கடைக்குப் போவது பிடிக்காதவர், எண்ணெய் வாடை பிடிக்காதவர், தனியாகச் சாப்பிடுவதையே வெறுப்பவர் என்று இன்னும் பலர். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரச்சினை, தீர்வும் வேறு வேறு. நறுக்க வெறுப்பவரிடம் 'ஒரே பாத்திரச் சமையல்' குறிப்பைக் கொடுத்து என்ன பயன்? அதனால் நான் எதையும் சொல்வதற்கு முன் ஒரு வேலை கொடுப்பேன்: இந்த வாரம் சமைக்காமல் விட்ட ஒவ்வொரு இரவும், எந்த இடத்தில் மனம் பின்வாங்கியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும்.

அந்த வரி 'என்ன செய்வது என்று தெரியவில்லை' என்றால், மருந்து சலிப்பூட்டக்கூடியது, ஆனால் வேலை செய்யும்: ஒரே உணவைத் திரும்பத் திரும்பச் சாப்பிடுங்கள். தினமும் விதவிதமாகச் சாப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் விருந்தோம்பலிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வந்தது. உடம்புக்கு வேண்டிய பலவகை, வாரக்கணக்கில் வந்தாலே போதும். காலை உணவு ஒன்று, மதிய உணவு இரண்டு, இரவு உணவு மூன்று என்று நிலையாக வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் பழத்தையும் காயையும் மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாற்றினால் யோசிக்கும் வேலை ஏறக்குறைய ஒழிந்துவிடும். கடைக்கான பட்டியலும் மாறாது. பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தை (புரதத்தின் கட்டுமானப் பொருள்) தானியம் அதே வேளையிலேயே ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும் என்பதுதான் இன்று ஏற்கப்பட்ட கருத்து.

நறுக்குவதுதான் எதிரி என்றால், உறையவைத்த காய்கறியை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அது இரண்டாந்தரம் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. பறித்ததும் சற்று நேரம் வெந்நீரில் அல்லது ஆவியில் காட்டி உறையவைக்கிறார்கள்; அந்தக் கட்டத்தில் வைட்டமின் சி போன்றவை கொஞ்சம் போகும். ஆனால் புதிய காய் என்று நாம் வாங்குவது வண்டியிலும் கடையிலும் நம் ஃப்ரிட்ஜிலுமாகக் கழிக்கும் நாட்களில் அதே வைட்டமினை மெல்ல இழந்துகொண்டுதான் இருக்கிறது. மொத்தத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். ஒரே ஓர் எச்சரிக்கை. சமைத்து உண்ணவும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் பனி உருகியதும் அப்படியே சாலட்டில் கொட்டிவிடாதீர்கள். லிஸ்டீரியா என்ற கிருமி உறைநிலையிலும் சாகாது. நன்றாகச் சூடாக்கினால்தான் சாகும். டின்னில் வரும் பயறு வகைகளுக்கு உப்புதான் குறை. நீரை வடித்து, குழாயடியில் அலசினால் அந்த உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு வரை போய்விடும்.

அடுப்பருகே நிற்பது பிடிக்காதவருக்குக் கருவிகள் உதவும். பிரஷர் குக்கருக்குள் நீராவி அழுத்தத்தால் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும் ஊறவைத்த கடலை அதில் அரை மணிக்குள் வெந்துவிடும். தானாக அணையும் மின்சாரக் குக்கர், ஓவன், மைக்ரோவேவ் எல்லாமே உங்களை வேறு அறைக்குப் போக விடுபவை. ஓவன் தட்டில் ஓவனுக்கான தாளை விரித்து, பெரிய துண்டங்களாகக் காயையும் மீனையோ டோஃபுவையோ பரப்பி எண்ணெய் தடவி வைத்துவிட்டால், வேலை முடிந்ததும் துலக்க ஒன்றும் இருக்காது. காலையில் போட்டுவிட்டு மாலையில் வந்து எடுக்கும் ஸ்லோ குக்கர் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் அறிவதில்லை. ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. கொதிக்கும் நீரில்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாமல் இருப்பதோடு, பச்சையாக இருந்ததைவிட அதன் வீரியம் கூடவும் கூடும். சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகே அதை அந்தப் பாத்திரத்தில் போட வேண்டும். இவ்வளவும் செய்ய மனமில்லை என்றால் டின்னில் வருவதை வாங்குங்கள். அது ஏற்கெனவே நன்றாக வெந்தது.

பாத்திரம்தான் தொல்லை என்றால் சமைத்த பாத்திரத்திலேயே சாப்பிடுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை.

இந்த இடத்தில் என் துறையில் பலரும் சொல்லும் ஒரு யோசனையோடு நான் முரண்படுகிறேன். விடுமுறை நாளில் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கிவிடுங்கள் என்கிறார்கள். சமைக்கப் பிடித்தவருக்கு அது நல்ல வழி. பிடிக்காதவருக்கு, வாரத்தின் ஒரே ஓய்வு நாளில் நான்கு மணி நேரம் தண்டனை. சில வாரம் வீறாப்பாக நடக்கும், பிறகு நின்றுவிடும். நின்றதும், தன்னால் எதுவும் முடியாது என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்படும். உணவும் நான்காம் நாளுக்குள் சோர்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, எப்படியும் அடுப்பைப் பற்றவைக்கும் நாளில் இரட்டிப்பாகச் செய்யுங்கள் என்பேன். அதுவும் முழு உணவாக அல்ல, பகுதிகளாக. நான்கு முட்டைக்குப் பதில் எட்டு, ஒரு கிண்ணம் பயறுக்குப் பதில் மூன்று, சோறோ கோதுமையோ இருமடங்கு. வெறுமனே வெந்த பயறு இன்று சாலட்டாகும், நாளை ரொட்டிக்கு நடுவில் போகும், மறுநாள் தக்காளிச் சாற்றில் விழுந்து சூப்பாகும். மசாலா போட்டு முடித்த உணவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மிச்சத்தைச் சிறு பங்குகளாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

மிச்சம் வைப்பதில் சுவையைவிடப் பாதுகாப்பு முக்கியம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விதிகள் உண்டு. சமைத்ததை 2 மணி நேரத்துக்குள், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பெரும்பாலான உணவுகள் அங்கே மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. ஓட்டோடு வேகவைத்த முட்டை ஒரு வாரம். சோறுதான் நாம் நினைப்பதைவிட நுட்பமானது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து ஒரு நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு, சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். அடுத்த நாளைக்கும் அப்பால் வேண்டும் என்றால் ஆறிய கையோடு உறையவைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் வற்புறுத்துவது மிக மோசமான நாளுக்கான ஏற்பாட்டைத்தான். நல்ல நாளில் யாரும் எதையாவது செய்துகொள்வார்கள். களைத்து, எரிச்சலோடு, பசித்து வரும் இரவில் மனிதன் முடிவெடுப்பதில்லை. எது அருகில் இருக்கிறதோ அதைச் சாப்பிடுகிறான். ஆகவே அந்த இரவுக்கான உணவு ஏற்கெனவே முடிவாகி, வீட்டில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, ஒரு பாத்திரத்துக்கு மேல் அழுக்காகக் கூடாது. முழுத்தானிய ரொட்டி, இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு தக்காளி, ஒரு பழம். அல்லது பாலில் ஊறிய ஓட்ஸ், மேலே வாழைப்பழமும் ஒரு பிடி கடலையும். அல்லது அலசிய டின் கொண்டைக்கடலை, வெள்ளரி, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், மிளகு. "இதெல்லாம் சாப்பாடா?" என்று என்னிடம் கேட்பார்கள். மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணக்க மணக்கச் சமைத்த பல உணவுகளைவிட இவை நன்றாகவே தேறும். உணவு சூடாக இருக்க வேண்டும், சமைத்ததாக இருக்க வேண்டும் என்பது பழக்கமும் ஆசையும்தான். அது தப்பு இல்லை, ஆனால் ஊட்டச்சத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. எண்ணெயோடு சூடாக்கினால் தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும், வைட்டமின் சி சூட்டில் குறையும். இப்படிக் கூட்டல் கழித்தல் இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் நிலையில் அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியில் வாங்குவதை முற்றிலும் விட வேண்டியதில்லை. வெளி உணவில் பொதுவாகக் காணும் குறை, உப்பும் எண்ணெயும் தாராளம், காய் சொற்பம் என்பது. எனவே பாதியை மட்டும் வாங்குங்கள்: முக்கிய உணவு அங்கிருந்து, காயும் பழமும் தயிரும் வீட்டிலிருந்து. வாங்கியதைத் தட்டில் மாற்றி, பாதித் தட்டைக் காயால் நிரப்பிவிட்டுச் சாப்பிட்டால் வாங்கிய பொட்டலம் பெரும்பாலும் இரண்டு வேளைக்கு வரும். யாராவது சமைத்துத் தர ஏற்பாடு செய்ய வசதி இருந்தால் அதிலும் வெட்கப்பட எதுவுமில்லை.

முன்பு சொன்ன விலைக்கு வருகிறேன். நேரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றால் வேறு ஏதாவது கொடுத்தாக வேண்டும். வெட்டிய காயும் டின் உணவும் வெளிச் சாப்பாடும் பணத்தைக் கேட்கின்றன. பணத்தையும் சேமிக்க வேண்டும் என்றால் ஒரே உணவைத் திரும்பச் சாப்பிடும் சலிப்பைச் சகிக்க வேண்டும். பயறும் முட்டையும் ஓட்ஸும் விலை குறைந்தவை, ஆனால் அலுக்கும். நேரமும் வேண்டாம், செலவும் வேண்டாம், அலுப்பும் வேண்டாம், ஊட்டமும் வேண்டும் என்று ஒரு வழியை நான் இதுவரை பார்த்ததில்லை. இருப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் எதையோ விற்க வந்திருப்பார்.

அப்படி விற்கப்படுபவற்றில் வைட்டமின் மாத்திரை, உணவுக்கு மாற்றான பானங்கள், பழச்சாறு ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பல வைட்டமின் கலந்த மாத்திரை பொதுவான ஆரோக்கியமுள்ளவருக்கு இதய நோயையோ புற்றுநோயையோ தடுக்கும் என்று பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் சொன்னது. விலங்கு உணவை அறவே தவிர்ப்பவர்களுக்கு மட்டும் பி12 கட்டாயம் வேண்டும். அது வேறு கணக்கு. மாற்றுப் பானங்களை அவசரத்துக்கு ஒரு வேளை குடிப்பதில் குறையில்லை. ஆண்டுக்கணக்கில் அவற்றையே நம்பி வாழ்வது நல்லதா என்பதற்கு நீண்டகாலச் சான்று மிகக் குறைவு, ஆகவே நான் பரிந்துரைப்பதில்லை. பழச்சாறு வேண்டாம், பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். காலை உணவைத் தவிர்ப்பது பற்றியும் பயமுறுத்தல் அதிகம். 2019இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் 13 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிடுவது எடையைக் குறைக்க உதவும் என்பதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. பசிக்கவில்லை என்றால் ஒரு வேளை வேலை மிச்சம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்பதைக் கேட்டுவிட்டு 22ஆம் நாள் மனமுடைந்து வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வின் கண்டுபிடிப்பு. என் யோசனை, முதல் மாதம் எதையும் நிறுத்தாதீர்கள். இப்போது சாப்பிடும் அதே பொட்டலத்தோடு ஒரு பழமும் ஒரு கிண்ணம் காயும் மட்டும் கூடுதலாகச் சேருங்கள். அது ஊன்றிய பிறகு மேலே சொன்ன மோசமான இரவுக்கான உணவை வாங்கி வையுங்கள். பிஸ்கட்டைப் பற்றி அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

சமையல் வெறுப்பு என்று நினைப்பது சில சமயம் வேறொன்றாக இருக்கலாம். முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டம் இல்லை, எழுந்திருக்கவே பாரமாக இருக்கிறது, பசியே எடுப்பதில்லை என்றால் அது மனச்சோர்வாகவோ இரத்தசோகையாகவோ தைராய்டு கோளாறாகவோ இருக்கக்கூடும்; எழுத்து வழியாக என்னால் அதைக் கண்டறிய முடியாது. முயற்சி இல்லாமலேயே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்திருந்தால் உணவு யோசனை தேடுவதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வியின் கடைசி வரியில், மைக்ரோவேவில் சூடாக்கினால் சத்து போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. அதிலிருந்து வருவது உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்கும் அலை. உணவைக் கதிரியக்கமுள்ளதாக அது மாற்றுவதில்லை. குறைந்த நீர், குறைந்த நேரம் என்பதால், நிறைய நீரில் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டுவதைவிடக் காயில் வைட்டமின் சி அதிகமாகவே தங்கும். அதன் உண்மையான குறை சூடு சீராகப் பரவாததுதான். மூடி போட்டு, பாதியில் ஒருமுறை கிளறி, எடுத்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். அதற்கென்று குறியிடாத பிளாஸ்டிக் டப்பாவைத் தவிர்த்துக் கண்ணாடியோ பீங்கானோ வையுங்கள். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். உரித்த முட்டையையும் முழுதாகச் சூடாக்க வேண்டாம். வெளியே எடுத்துக் கடிக்கும் நேரத்தில் வெடித்து வாயைப் பொசுக்கக்கூடும். இரண்டாக வெட்டிவிட்டு வையுங்கள், அல்லது குளிர்ந்தபடியே சாப்பிடுங்கள்.